மழைப்பூவின் மேல்தோல்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பின் ஆட்கள் அத்தனை பேரையும், வானத்தில் கைக்குட்டை அகலத்துக்குக்கூட மேகம் இல்லாத ஒரு காலையில், "மழை! மழை!" என்று கத்தியே ஓட வைத்தவன் நான். அப்போது எனக்கு வயது ஒன்பது. இதை என் பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். உங்கள் பேச்சை யார் கேட்டிருப்பார்கள் என்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். காப்பியில் சர்க்கரை போதவில்லை என்று நான் சொன்னால்கூட இந்த வீட்டில் ஒரு காதும் திரும்புவதில்லை. ஆனால் அன்று கேட்டார்கள். அன்று என்னிடம் ஒரு காளான் இருந்தது.

அப்பா அந்த ஷாப்பில் களத்து மேஸ்திரி. ஆவாரம்பட்டைச் சாற்றுத் தொட்டியில் நாள்கணக்காக ஊறிப் பதமாகி வரும் ஆட்டுத்தோலுக்கு எண்ணெய் தடவி, களத்து மூங்கில்களில் வரிசையாகத் தொங்கவிட்டு, காற்றில் உலர்த்தி, ஒரு கறை இல்லாமல் உள்ளே கொண்டு சேர்ப்பது அவர் பொறுப்பு. கறை என்றால் மழைக்கறை. பாதி உலர்ந்த தோலில் ஒரு துளி விழுந்தால் போதும், அந்த இடம் கறுத்துவிடும். அப்புறம் எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அதனால் மழையைக் கண்டால் ஊரெல்லாம் சிரிக்க, எங்கள் வீடு மட்டும் முகம் சுளிக்கும். தூரத்தில் எங்கேயாவது இடி உருண்டால் அப்பாவுக்குச் சோறு இறங்காது. நானும் நடக்கப் பழகியபோதே அண்ணாந்து பார்த்து நடக்கப் பழகிவிட்டேன். என் முழங்காலில் இன்றும் உள்ள வடுக்கள் எல்லாம் அந்த வகையில் வந்தவை.

களத்தை ஒட்டியே வீடு. ஒரு கூடம், ஒரு சமையலறை. அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை, ஆக நான்கு பேர். அத்தைக்கு இருபத்திரண்டோ இருபத்து மூன்றோ இருக்கும். சின்ன வயதில் அம்மை வார்த்து முகமெல்லாம் தழும்பு. அந்தத் தெருவில் அவளைப் போல் சிரிப்பு மூட்ட ஆள் கிடையாது. யார் வீட்டுக்கு வந்து போனாலும், அவர்கள் தெருமுனை தாண்டுவதற்குள் அவர்களுடைய நடை எங்கள் கூடத்தில் இன்னொரு முறை நடந்து முடிந்திருக்கும். முதலாளி நடையும் அவளுக்கு வரும். முதலாளியின் வண்டிக் குதிரை நடையும் வரும். இரண்டுக்கும் வித்தியாசம் காட்டுவதில்தான் சாமர்த்தியம் என்பாள்.

இனி காளான். ஒடுகத்தூர் பக்கத்து மலையடிவாரத்திலிருந்து வண்டி வண்டியாக ஆவாரம்பட்டை வரும். ஒருநாள் கட்டைப் பிரித்துக் கொட்டும்போது பட்டையோடு பட்டையாகப் பழுப்பு நிறத்தில் உருண்டையாக ஒன்று உருண்டு வந்தது. கொட்டைப்பாக்கு அளவு. தட்டினால் டக் டக் என்றது. அந்த வயதில் எனக்கு ஒரு பொருள் இன்னதென்று தெரிய ஒரே வழிதான் உண்டு. எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். கடித்தேன், உடையவில்லை. சரி, ஊறட்டும் என்று கன்னத்தில் அடக்கிக்கொண்டு கோலி விளையாடப் போனேன்.

இரண்டு ஆட்டம் போயிருக்கும். மூன்றாவது ஆட்டத்தில் குறி பார்க்கும்போது என் கன்னத்துக்குள் ஏதோ அசைந்தது. நாக்கால் தொட்டுப் பார்த்தேன். உருண்டையாகப் போனதற்கு இப்போது கால்கள் முளைத்திருந்தன. ஒரு கால் என் பல்லைத் தள்ளியது. இன்னொரு கால் கன்னத்தைத் தள்ளியது. நான் அலறினேன். அலறும்போது பல் பட்டு அழுந்தியிருக்க வேண்டும், என் வாயிலிருந்து பழுப்பு நிறத்தில் புகை கிளம்பியது.

என்னோடு விளையாடியவர்கள் கோலிகளையும் விட்டுவிட்டு ஓடினார்கள். நான் கோலிகளைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். உயிர் போகிற நேரத்திலும் அந்தக் கோலிகளை நான் விடவில்லை என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

அத்தை வாசலில் இருந்தாள்.

"அடப்பாவி, வாயில புகை வருது! பீடி குடிச்சியாடா?"

"அத்த, பூச்சி! பூச்சி கால் விரிக்கிது! செத்துட்டேன் அத்த!"

"செத்தவன் இப்டி கத்த மாட்டான். துப்புடா."

துப்பினேன். அவள் கையில் விழுந்தது. அவள் அதைக் கழுவி, ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் போட்டாள். நாங்கள் இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். மெதுவாக, ஆனால் கண்ணுக்குத் தெரியும்படியாக, அந்த உருண்டையின் மேல்தோல் வெடிப்பு வெடிப்பாகப் பிரிந்து வெளிப்பக்கம் மடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே வந்தோம். ஏழு கைகள். ஏழும் விரிந்து, படுத்து, நட்சத்திரம் போல் ஆனது. நடுவில் கோலிக்குண்டு மாதிரி இன்னொரு உருண்டை. அதற்கு மிக மெல்லிய தோல், உச்சியில் ஊசி குத்தினாற்போல் ஒரு வாய். அத்தை விரலால் லேசாக அழுத்தினாள். புஸ்ஸென்று புகை. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா பின்னால் போய் நான் ஒளிந்துகொண்டேன்.

"பயந்தாங்கொள்ளி. மாவுடா இது, மாவு. இந்த மாவ காப்பாத்தத்தான் இத்தினி கட்டுக்காவலு. மேல பாரு, எப்டி முரட்டுத் தோலு. உள்ள பாத்தா வெறும் காயிதம்," என்றாள் அத்தை.

வெயிலில் வைத்தோம். சிறிது நேரத்தில் ஏழு கைகளும் ஒன்றன்பின் ஒன்றாக மடங்கி உள் உருண்டையைப் பொத்திக்கொண்டன. பழையபடி கொட்டைப்பாக்கு. மறுபடியும் நனைத்தோம், விரிந்தது. காயவைத்தோம், மூடியது. அன்று சாயங்காலம் வரை எங்கள் வீட்டில் வேறு வேலை நடக்கவில்லை. அம்மா அடுப்பை மறந்து குழம்பு தீய்ந்தது. அத்தை அதற்கு மழைப்பூ என்று பெயர் வைத்தாள். பட்டை வண்டிக்காரரைக் கேட்டதற்கு, "அது காளாண்டா. மல மேல மண்ணுல கெடக்கும், மழை பேஞ்சா வாயப் பொளக்கும்," என்று ஒரு பெரிய அதிசயத்தை ஒரு கொட்டாவியோடு சொல்லி முடித்துவிட்டார்.

மழைப்பூ முதலாளியிடம் போனது எப்படி என்றால், நான்தான் கொண்டுபோனேன். அவர் ஒரு சாயபு. வெள்ளைத் தாடி, குல்லாய், எப்போதும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஏதாவது ஒரு தோல் துண்டைத் தேய்த்துக்கொண்டே பேசுவார். விரிந்திருந்த மழைப்பூவின் ஒரு கையைப் பிடித்து அதேபோல் தேய்த்தார். மடக்கினார், நிமிர்த்தினார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"அரே, மேஸ்திரி! இங்க வாப்பா. இத பதம் போட்டது யாரு?"

அப்பா, "அது காளான் மொதலாளி," என்றார்.

"காளான் சரிப்பா. தோல பாரு. எத்தினி தரம் நனைச்சே பேட்டா?"

"இருவது தரம்," என்றேன். ஐம்பது இருக்கும். அதிகம் சொன்னால் அடிப்பாரோ என்று குறைத்துச் சொன்னேன்.

"இருவது தரம்! என் தோலு ஒரு தரம் நனைஞ்சி காஞ்சா பலகையா போவுது. இது பாரு, விறைக்கல, வெடிக்கல. முப்பது வருசமா நானு இந்த மாதிரி ஒரு தோலுக்குத்தான் அலையறேன்." அதைத் திருப்பி என் கையில் வைத்தார். "நல்ல தோலு பொய் சொல்லாது பேட்டா. பத்தரமா வெச்சிக்க."

அதோடு, பட்டணத்திலிருந்து அவர் வீட்டுக்கு வந்த பிஸ்கட் தகர டப்பா ஒன்றும் எனக்குக் கிடைத்தது. மூடி இறுக்கமாக உட்காரும். எலி, எறும்பு, காற்று எதுவும் உள்ளே போக முடியாது. பிஸ்கட் இல்லை என்பது மட்டும்தான் அதில் ஒரு குறை. பகலெல்லாம் பூ களத்துச் சுவரின்மேல் இருக்கும். இருட்டியதும் டப்பாவுக்குள் போய்விடும். டப்பா கூடத்துச் சுவர் மாடத்தில், அத்தை பாய் போடும் இடத்துக்கு மேலே இருக்கும்.

பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பல்ல. ஒருநாள் பிற்பகல், சுவரின்மேல் இருந்த பூ கையை லேசாகத் தூக்கியது. நான், "நைனா! மழை வருது!" என்று கத்தினேன். அப்பா பழக்க தோஷத்தில் தோல்களை எடுக்கச் சொன்னார். கடைசித் தோல் உள்ளே போகவும், மலைக்குப் பின்னாலிருந்து மழை வந்து கொட்டவும் சரியாக இருந்தது. அடுத்த வாரமும் அப்படியே ஆனது. இப்போது யோசித்தால், அது ஆவணி மாதம். ஆவணியில் எங்கள் பக்கம் எந்தக் கழுதை நின்று 'மழை வரும்' என்று கத்தினாலும் பாதி நாள் பலிக்கும். அந்த வருடம் கத்திய கழுதை நானாக இருந்தேன், அவ்வளவுதான்.

ஆனால் தோல்காரர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். ஜோசியன் சொன்னால் சிரிப்பார்கள், பஞ்சாங்கம் சொன்னால் தள்ளுபடி செய்வார்கள். ஒரு தோல், அதுவும் விரலால் தேய்த்துப் பார்த்துச் சரியான பதம் என்று முதலாளியே ஒப்புக்கொண்ட தோல் சொன்னால், அதை எப்படி நம்பாமல் இருப்பது? தினம் காலையில் முதலாளி வண்டியை விட்டு இறங்கியதும் முதல் கேள்வி எனக்குத்தான். "இன்னா பேட்டா, இன்னா சொல்லுது உன் பூவு?" நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "மூடியிருக்குது, தொங்கவிடலாம்," என்பேன். என்னைவிட உயரமான ஆட்கள் என் வார்த்தைக்காக நின்றுகொண்டிருப்பார்கள். அந்த நாட்களில் நான் வீட்டில் அம்மாவிடம்கூட, "சோறு போடலாம்," என்றுதான் சொன்னேனாம்.

இப்படி இருக்கும்போது ஒரு பெரிய சரக்கு வந்தது. களம் கொள்ளாத அளவுக்குத் தோல். எல்லாம் உலர்ந்து, மூன்றாம் நாள் ரயிலில் பட்டணத்துக்குப் போயாக வேண்டும். முதலாளி யாருக்கோ வாக்குக் கொடுத்துவிட்டார்.

"ஒருநாள் காத்து போதும் மொதலாளி. காஞ்சிடும். என் பொறுப்பு," என்றார் அப்பா.

"தப்பாப் போச்சின்னா எனக்கு வேற மேஸ்திரி பாக்கற பேஜார் வரும்பா," என்று முதலாளி சிரித்துக்கொண்டே சொன்னார். முதலாளிகள் சிரித்துக்கொண்டே சொல்வதற்குத்தான் அப்பா அதிகம் பயப்படுவார். அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் அதை இரண்டு முறை சொன்னார்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்குக் கோலாரிலிருந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள். ஒரு பருத்த அம்மாள், ஒரு மீசைக்காரர், பேசவே பேசாத ஓர் இளைஞர். எனக்கு அந்த வருகை நினைவில் நிற்கக் காரணம், அம்மா சொஜ்ஜியும் வாழைக்காய் பஜ்ஜியும் செய்திருந்தாள். அத்தை புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்து தட்டு வைத்தாள். பருத்த அம்மாள் அத்தை முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அப்பாவிடம், "ஊருக்குப் போயி கடுதாசி போடறோங்க," என்று சொல்லிவிட்டு எழுந்தாள். அவர்கள் தட்டில் பாதி சொஜ்ஜி அப்படியே மீந்திருந்தது. எனக்கு அவர்களை மிகவும் பிடித்துப்போயிற்று.

அவர்கள் தெருமுனை தாண்டியதும் அத்தை தன் வழக்கமான வேலையை ஆரம்பித்தாள். பருத்த அம்மாள் எழுந்திருப்பதற்குப் பட்ட பாட்டை நடித்துக் காட்டினாள். மீசையைத் தடவிக் காட்டினாள். கடைசியில் தன் கன்னத்தைத் தானே கட்டைவிரலால் தேய்த்து, முதலாளி குரலில், "அம்மத் தழும்பு விழுந்த தோலுப்பா. மூணாம் தரத்துல கட்டு," என்றாள். நான் வாயில் இருந்த சொஜ்ஜி தெறிக்கச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அப்பா விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டே இருந்தார், அது நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. நான் இன்னொரு முறை செய்து காட்டச் சொன்னேன். அத்தை இன்னொரு முறையும் செய்தாள்.

காலையில் எழுந்ததும் மாடத்திலிருந்து டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தேன்.

பூ விரிந்திருந்தது. ஏழு கைகளும். டப்பாவின் அடியோடு அடியாகப் படுத்து, இதற்குமேல் விரிய இடமில்லை என்கிற மாதிரி.

மூடிய டப்பா! ஒரு சொட்டுத் தண்ணீர் போக வழியில்லாத டப்பா! அதற்குள்ளேயே இப்படி விரிகிறது என்றால் வருவது சாதாரண மழையா? வாசலுக்கு ஓடினேன். வானம் கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது. அது என்னை ஒன்றும் செய்யவில்லை. எல்லோருக்கும் தெரிகிற மழையைச் சொல்ல நான் எதற்கு?

களத்தில் சரக்கு முழுவதும் தொங்கிக்கொண்டிருந்தது. விடியும்போதே போட்டுவிட்டார்கள்.

"நைனா! மழை! பெரிய மழை!"

அப்பா வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "டேய், வெளயாட இதா நேரம்?"

"ஏழு கையும் விரிஞ்சிருக்குது நைனா! டப்பாவுக்குள்ளயே விரிஞ்சிருக்குது!"

அதற்குள் முதலாளியும் வந்துவிட்டார். டப்பாவை வாங்கினார். பூவின் கையைத் தேய்த்துப் பார்த்தார். "மூடி இருந்துச்சா?" என்றார். "இறுக்கமா," என்றேன். அவர் தாடியை ஒரு இழு இழுத்தார்.

"எடுப்பா மேஸ்திரி. ஜல்தி!"

என்ன ஓட்டம் அது! "எடு! எடு! மடிக்காதே! தர மேல போடாதே!" என்று எங்கு பார்த்தாலும் குரல். தோலை உருவுகிறவர்கள், தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிறவர்கள், எதிரே வருகிறவர்களோடு மோதிக்கொண்டு திட்டுகிறவர்கள். நான் ஒரு கல்லின்மேல் ஏறி நின்று டப்பாவைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தேன். எதற்கு என்று தெரியவில்லை. சேனாதிபதிகள் எதையாவது தூக்கிப் பிடித்திருப்பார்கள் என்று ஓர் எண்ணம். கொட்டகைக்குள் தோல்கள் மலையாகக் குவிந்தன. உள்ளே இடம் போதாமல், களத்தில் வேப்பமரத்தடியில் மட்டும் கடைசி வரிசை ஒன்று மிச்சம்.

பிறகு எல்லோரும் கொட்டகை வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார்கள்.

வெயில் ஏறியது. ஒரு காக்கை பறந்து போனது. வெயில் இன்னும் ஏறியது.

ஓர் ஆள், "மழை இன்னா, நடந்து வருதா?" என்றான். இன்னொருவன், "பள்ளிகொண்டாலருந்து கெளம்பிட்டுதாம், வழியில காப்பி சாப்புடுது," என்றான். சிரிப்பு எழுந்தது. அப்பா சிரிக்கவில்லை. தோல் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்துச் சட்டென்று எடுத்துக்கொண்டார். "உள்ள சூடேறுது மொதலாளி. இப்டியே கெடந்தா பூசணம் பூத்துடும். எடுத்துத் தொங்கவிடட்டா?"

"மழை வந்துட்டா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் டப்பாவைப் பார்த்தேன்.

வெயில் டப்பாவுக்குள் விழுந்துகொண்டிருந்தது. பூவின் ஒரு கை மடங்க ஆரம்பித்திருந்தது.

அந்தக் கணத்தில்தான் என் வீரம் என்னை விட்டுப் போனது. போகும்போது சொல்லிக்கொண்டும் போகவில்லை. திரும்பி நின்று, விரலை வாயில் வைத்து நனைத்து, மடங்கும் கையின்மேல் எச்சிலைத் தடவினேன். அது நின்றது. அடுத்த கை மடங்கியது. அதற்கும் தடவினேன். மூன்றாவது கைக்கு வரும்போது என் வாயில் எச்சில் இல்லை. பயத்தில் நாக்கு கருவாடாகிவிட்டது.

"இப்ப இன்னா சொல்லுது?" என்றார் முதலாளி, தூரத்திலிருந்து.

"வ... வந்துகிட்டே இருக்குதாம்!"

கொட்டகைக்குப் பின்னால் ஓடினேன். பள்ளிகொண்டா பெருமாளுக்கு மொட்டை நேர்ந்துகொண்டேன். முதலாளி கும்பிடும் சாமி கோபித்துக்கொள்ளக் கூடாதே என்று தர்காவுக்குச் சர்க்கரை நேர்ந்துகொண்டேன். மாதா கோயிலை மட்டும் விடுவானேன் என்று மெழுகுவத்தியும் நேர்ந்துகொண்டேன். யார் முதலில் பெய்கிறார்களோ அவர்களுக்குத்தான் என்று ஒரு நிபந்தனையும் சேர்த்தேன். மூன்று இடத்திலும் அசைவில்லை. நிபந்தனை போட்டிருக்கக் கூடாது.

கடைசியில் மழையை நானே பெய்வது என்று முடிவு செய்தேன்.

குடிதண்ணீர்ப் பானை அருகில் ஒரு செம்பு இருந்தது. நிரப்பி, அதன் வாயைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு, கொட்டகைப் பக்கத்திலிருந்து வேப்பமரத்தில் ஏறினேன். பாதித் தண்ணீர் என் சட்டைக்கு. மீதியோடு இலைகளுக்கு நடுவே உட்கார்ந்தேன். நான்கு துளி விழட்டும், எல்லோரும் பார்க்கட்டும், அப்புறம் மழை தானாகப் பிடித்துக்கொள்ளும் என்பது என் கணக்கு. கையை விட்டுத் தெளித்தேன்.

முதல் துளிகள், உலரவிட்டிருந்த அந்தக் கடைசி வரிசைத் தோல்களின்மேல் விழுந்தன. மூன்று தோல். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்தன. அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது, மழையால்தான் தோல் கெடும் என்று. கையிலிருந்து செம்பு நழுவியது. அது நேராகக் கீழே போய், அப்போதுதான் கடைசி வரிசையைப் பார்க்க வந்த முதலாளியின் காலடியில் விழுந்தது. தண்ணீர் அவருடைய குல்லாயின்மேல்.

அவர் குல்லாயைக் கழற்றிப் பார்த்தார். பிறகு அண்ணாந்து பார்த்தார். கிளையில் ஈரச் சட்டையோடு மழை உட்கார்ந்திருந்தது.

இறங்கி வந்ததா விழுந்ததா என்று எனக்கு நினைவில்லை. அப்பா முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அவர் கையில் தோல் வார். முகத்தில் கோபம்கூட இல்லை, வேறு ஏதோ இருந்தது. அதைப் பார்க்கத்தான் அதிகப் பயமாக இருந்தது.

"சொல்லு. டப்பாவுல தண்ணி ஊத்தினது நீதானே?"

"இல்ல நைனா! சத்தியமா இல்ல! தானா விரிஞ்சிது!"

"எச்சில் தொட்டு வெச்சான், நான் பாத்தேன்," என்றான் யாரோ ஒரு புண்ணியவான்.

வார் மேலே போனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அண்ணா! அவன அடிக்காதே."

அத்தை. வீட்டிலிருந்து ஓடி வந்திருந்தாள், மூச்சு வாங்கியது. களத்துக்கு, அதுவும் முதலாளி முன்னால், அவள் வந்ததே இல்லை.

"அவன் பொய் சொல்லல. டப்பாவுல ஈரத்துணி வெச்சது நானு. ராத்திரி வெச்சி மூடிட்டேன். காலைல அவன் எழுந்திருக்கறதுக்கு முன்னால எடுத்துக்கினேன். அந்த ஈரத்துக்குத்தான் விரிஞ்சிருக்கும். மழையும் இல்ல ஒண்ணும் இல்ல. தோல எல்லாம் எடுத்துத் தொங்கவிடுங்க."

"ஈரத்துணியா? இன்னாத்துக்குப் போயி அத டப்பாவுல வெச்சே?"

"மூஞ்சி தொடச்சேன். கையில இருந்துச்சி. அண்ணி வெளக்க எடுத்துகிட்டு வந்தாங்க, வெச்சி மூடிட்டேன்."

இதற்கு எல்லோரும் சிரிப்பார்கள் என்று நான் நினைத்தேன். எப்போதும் அத்தை பேசினால் அப்படித்தான். யாரும் சிரிக்கவில்லை. அப்பாவின் கை கீழே இறங்கியது. வாரைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். முதலாளி அத்தையைப் பார்க்காமல் களத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"கேட்டாச்சில்ல? எடுங்கப்பா! ஜல்தி, ஜல்தி!" என்று திடீரென்று சத்தம் போட்டார்.

மறுபடியும் ஓட்டம். காலையில் உள்ளே ஓடியதெல்லாம் இப்போது வெளியே ஓடியது. இந்த முறை நானும் ஓடினேன். என் உயரத்துக்குத் தோல் தரையைத் தொடும் என்று விரட்டினார்கள், தலைமேல் சுமந்துகொண்டு ஓடினேன். அம்மா ஓடினாள், அத்தையும் ஓடினாள். நண்பகலுக்கு முன் கடைசி மூங்கிலும் நிறைந்தது. அன்று அடித்த வெயிலும் காற்றும் போல் பிறகு எப்போதும் அடித்ததில்லை. பொழுது சாய்வதற்குள் எல்லாம் உலர்ந்து, கட்டாகி, மறுநாள் ரயிலேறியது. அப்பாவின் வேலை தப்பியது. மழை பதினோரு நாள் கழித்துத்தான் வந்தது. நேர்த்திக்கடன்கள் மூன்றையும் ரத்து செய்துவிட்டேன்.

நான் பெய்த மழை விழுந்த மூன்று தோல்களை மட்டும் முதலாளி தனியே எடுத்து வைத்தார். அவற்றில் ஒன்றில் எனக்குச் செருப்பு தைத்துக் கொடுக்கச் சொன்னார். இடது செருப்பில் இரண்டு கரும்புள்ளி, வலது செருப்பில் ஒன்று. தெருவில் போகும்போதெல்லாம், "இன்னா மழை, சௌக்கியமா?" என்று கேட்பார்கள்.

அடி வாங்காமல் தப்பியது என் அதிர்ஷ்டம் என்று அப்போது நினைத்தேன். அத்தைமேல் எனக்குக் கோபம்தான் இருந்தது. அவளால்தானே இத்தனை அவமானம்? முகம் துடைத்த துணியை யாராவது டப்பாவில் வைப்பார்களா? இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவள் நான் மரத்திலிருந்து இறங்கிய விதத்தை நடித்துக் காட்டினாள். பேசும்படி ஆகிவிட்டது.

அதற்குப் பிறகும் இரண்டு முறை, வானம் வெறுமையாக இருக்கும்போது, பூ டப்பாவுக்குள் விரிந்து கிடந்தது. நான் இப்போது பழைய முட்டாள் அல்ல. கத்தவில்லை. உட்கார்ந்து யோசித்தேன். மூன்று முறைக்கும் பொதுவாக என்ன இருந்தது என்று விரல் விட்டு எண்ணினேன். விடை கிடைத்தபோது எனக்கு ஏற்பட்ட ஆனந்தத்தைச் சொல்ல முடியாது. எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது எழுந்து நின்று அறிவித்தேன்.

"நைனா, கண்டுபிடிச்சிட்டேன்! நம்ம வீட்டுக்கு ஆளுங்க வந்து, அம்மா சொஜ்ஜி செஞ்சா, மறுநாள் பூவ நம்பக் கூடாது!"

அப்பா கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். அம்மா எழுந்து சமையலறைக்குள் போனாள். என் மேதைமை அவர்களைத் திகைக்க வைத்துவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். அத்தைதான் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பு. "கெட்டிக்காரண்டா! இந்த வூட்லயே நீதாண்டா கெட்டிக்காரன்!" என்று சிரித்துச் சிரித்து, முடியாமல், முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

துடைத்த துணியை ஒழுங்காகக் கொடியில் காயப் போடச் சொல்லி அவளை நான் கண்டித்தேன்.